மூத்தவனின் திவசச் சாப்பாடு

என் மூத்த மகன் சண்டையில் செத்தவன். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஆமிக் காம்பை இயக்கம் பிடித்த சண்டை அது. உடலைக் கொண்டு வந்து காட்டினார்கள், அதனால் திதி தெரியும். வருடாவருடம் லண்டன் இல்ஃபோர்டில் மகள் வீட்டில் சமைத்து, படத்துக்குப் படைத்து, நாலு பேருக்கு இலை போடுவோம்.

இளையவனுக்குப் படைப்பதில்லை. அவன் செத்ததை எனக்கு யாரும் காட்டவில்லை.

இந்த முறை மருமகன் தன் சிநேகிதர் ஒருவரைக் கூட்டி வந்தார். சண்டை முற்றுவதற்கு முன்பே லண்டனுக்கு வந்துவிட்டவர். ஆம்பிளைகள் கதைக்கிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை, கூச்சம். பரிமாறிக்கொண்டு நின்றேன். அவர் சோற்றைக் குவித்து, அதன் நடுவில் வடையை வைத்தார்.

“இதுதான் காம்ப். இஞ்சால கடல். இயக்கப் பெடியள் முதல்ல குடிதண்ணி வாற பாதையை வெட்டினாங்கள். தண்ணி இல்லாட்டி ஆமி எத்தினை நாளைக்கு நிப்பான்?”

“அண்ணை, வடை ஆறப்போகுது, தின்னுங்கோ,” என்றார் மருமகன்.

“பொறு, காம்ப் இன்னும் விழேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். என் பிள்ளை எந்தச் சோற்றுப் பருக்கைக்குப் பக்கத்தில் கிடந்தான் என்று கேட்க வாய் உன்னியது. கறிச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வடையைக் கடித்தார். “சண்டையில வெண்டது பெரிய காரியம். ஆனா பிடிச்ச இடத்தைக் காக்க ஆள் காணாது. அதுக்குத்தான் பிறகு இயக்கம் வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டது. சண்டைக் கணக்கில அது சரி.” என்னைப் பார்த்தார். “அன்ரி ரெண்டு பேரைக் குடுத்தவ.”

“நான் குடுக்கேல்லை,” என்றேன். “மூத்தவன் சொல்லாமல் போனவன். எங்கட வீட்டால ஒருத்தன் செத்துட்டான் எண்டு காலில விழுந்து கத்தியும் சின்னவனை இழுத்துக்கொண்டு போனவை. அவன்ர சேட்டுப் பொத்தான்தான் என்ர கையில மிஞ்சினது.”

“அன்ரி, அந்த நேரத்து நிலைமை...”

“அந்த நேரம் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

அவர் மிச்ச வடையைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார். ஆமியின் ஷெல்லில் என் வீடு போனது. அந்தக் கோபமும் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆமி என் பிள்ளையின் திவசத்துக்கு வந்து இருந்து சாப்பிடவில்லை.

திவசத்துக்கு வந்தவரைப் பாயசம் விடாமல் எழுப்பக்கூடாது என்பது எங்கள் முறை. இலை இலையாக விட்டுக்கொண்டு வந்தேன். அவருடைய இலையைத் தாண்டினேன்.

“மாமி, அண்ணைக்கு விடேல்லை,” என்றார் மருமகன்.

“ஓம், தெரியும்,” என்று சொல்லி, அடுத்த இலைக்கு விட்டேன்.