குளித்த பச்சோந்திக்குக் காட்டிய சாம்பிராணி

மகள் கோயம்புத்தூருக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போன வேலை பெரிதில்லை. காலையும் சாயங்காலமும் பச்சோந்திக் கூண்டுக்குள் இருக்கும் செடியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். டப்பாவிலிருந்து பூச்சி எடுத்துப் போட வேண்டும். பகலில் மேலே எரியும் விளக்கை அணைக்கக் கூடாது.

"கையில மட்டும் தூக்காதம்மா. அவனுக்குப் பிடிக்காது."

நானா தூக்கப் போகிறேன்? பச்சோந்தியைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற ஊரில் பிறந்தவள் நான். ஆனால் அதை வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கொட்டாம்பட்டிப் பக்கம் வாழப்போன வீட்டிலிருந்து மகள் திரும்பி வந்தபோது பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. பிறகு பைக் விற்கும் கடையில் கணக்கு வேலை கிடைத்தது. ஒரு மாதச் சம்பளத்தில், வண்ண மீன் விற்கும் கடையிலிருந்து இந்தப் பச்சோந்தியை வாங்கி வந்தாள். தலையில் கொண்டை வைத்த வெளிநாட்டு ஜாதி. முதலில் அதனோடு பேச ஆரம்பித்தாள். அப்புறம் அதைப் பற்றி என்னோடு பேசினாள். "இன்னைக்கு நாக்க எம்புட்டு தூரம் நீட்டுனான் தெரியுமாம்மா?" என்று அவள் கேட்ட அன்றைக்கு நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

இப்போது வேலைப் பயிற்சிக்காக அவளை வெளியூர் அனுப்பியிருந்தார்கள். பச்சோந்தி என் பொறுப்பில் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு மாடியில். கூண்டு ஜன்னலை ஒட்டி இருந்தது, நாலு பக்கமும் வலை. குளிருமே என்று துணி காயப்போடும் இடத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து வந்து மூன்று பக்கம் சுற்றிக் கட்டினேன். சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் பச்சோந்தி முழுக்க நனைந்துவிடும். எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்த பிள்ளையைச் சாம்பிராணி காட்டாமல் விட மாட்டோம். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கத்தான் அது. அதனால் தணலில் சாம்பிராணி போட்டு, கூண்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது. சுகமாக இருக்கிறது போல என்று தினமும் காட்டினேன்.

பிறகு ஒரு நாள் அது உச்சிக் கிளையில் ஏறி, கழுத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தது. விளக்குச் சூடு அதிகமானால் வாயைத் திறக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். சரி என்று விட்டேன். மறுநாள் காலையில் விளக்குப் போடுவதற்கு முன்பே போய்ப் பார்க்கிறேன், வாய் திறந்தபடிதான் இருக்கிறது. பச்சை போய் உடம்பு கருத்துக் கிடந்தது. ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று இன்னொரு பக்கமும் சுழலும் கண்கள் விடிந்த பிறகும் மூடியே இருந்தன. போட்ட பூச்சி அதன் காலிலேயே ஏறி நடந்து போனது.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குழாய் சொட்டுகிறதோ என்று பார்த்தேன். குழாய் இல்லை. அது மூச்சு விடும்போதெல்லாம் தொண்டை உப்பியது, விலா உள்ளே ஒட்டியது, சத்தம் வந்தது. வாயோரத்தில் சோப்பு நுரை மாதிரிக் குமிழி.

விலா ஒட்டுகிற மூச்சு எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் இருந்தவர். கடைசி வருஷங்களில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நான் கிடப்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, இனி யாருடைய மூச்சையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "எப்படிம்மா இருக்கான்?"

"இருக்கான்."

இது செத்துப் போனால் அவள் மறுபடி பழைய மாதிரி ஊமையாகிவிடுவாள் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

மறுநாள் காலையில் ஒரு கூடையில் சின்னக் கிளையை வைத்து, அதில் அதை ஏற்றி, பழைய வேட்டித் துணியால் மூடி, ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் திருவாதவூரிலிருந்து ஆட்டைக் கொண்டுவந்த ஒரு பெண், அவளுக்கு முன்னால் சேவலைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்.

"ஏத்தா, கூடையில என்ன, கோழிக்குஞ்சா?" என்று ஆட்டுக்காரப் பெண் துணியை விலக்கினாள். "ஆத்தாடி, பச்சோந்தி! இதப் போயி யாராச்சும் வளப்பாகளா?"

சேவல்காரர் திரும்பினார். "எலெக்சன்ல நிப்பாட்டப் போறாக போல. இப்ப எந்தக் கட்சி நெறத்துல இருக்கு?"

"கருத்துப் போயில்ல கெடக்குண்ணே."

"அப்ப டெபாசிட் போச்சு."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் துணியை இழுத்து மூடிவிட்டுத் தரையைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அப்போது கூடைக்குள்ளிருந்து 'டிக்' என்று கேட்டது. சேவல்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"மூச்சு எளைக்குதாத்தா அதுக்கு?"

"ஆமாய்யா."

"நீ முன்னாடி போ. என் சேவலுக்குக் கால்லதான் காயம். அவன் நிப்பான்."

டாக்டர் சின்ன வயதுப் பெண். "காட்டுல புடிச்சதாம்மா? நம்ம ஊர்ப் பச்சோந்திய வளக்கக் கூடாது, தெரியும்ல?" என்றார்.

"இல்லம்மா, கடையில வாங்குனது. மக பில்லு வச்சிருக்கா."

இந்த மாதிரி உயிரை அதிகம் பார்த்ததில்லை என்று சொல்லி, சென்னையில் இதையே பார்க்கும் இன்னொரு டாக்டருக்குப் போன் போட்டார். வீட்டில் எப்படி மூச்சு விட்டது என்று அவர் கேட்கச் சொன்னார். கூடைக்குள் அது பயத்தில் வாயை மூடிக்கொண்டு ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால் தாடையை மேலே தூக்கி, வாயைத் திறந்து, விலாவை உள்ளே இழுத்து, அது விட்டது போலவே மூச்சு விட்டுக் காட்டினேன். 'டிக்' என்றும் சொன்னேன். வாசலில் ஆட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்தபடி நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் நான் செய்ததைப் போனில் விவரமாகச் சொன்னார். பிறகு என்னிடம், "நெஞ்சுல சளி, கிருமி சேந்திருச்சு. வீட்டுல புகை ஏதும் போடுவீங்களா?" என்றார்.

"சாம்பிராணிதான். குளிச்ச பிள்ளைக்குக் காட்டணும்ல? குளிருமேன்னு கூண்டச் சுத்திப் பிளாஸ்டிக் தாளும் கட்டிருக்கேன்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எங்க மாமியாரும் எம் பிள்ளைக்குக் காட்டுறாங்க. அதையே வேண்டாம்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இதுக்குப் புகை ஆகவே ஆகாதும்மா. அந்தத் தாளையும் அவுத்துருங்க. காத்து போகணும், தெளிச்ச தண்ணி காயணும், சூடு இருக்கணும்."

"பொழைக்குமாம்மா?"

"வாயத் தெறந்த அன்னைக்கே வந்திருந்தா தைரியமாச் சொல்லிருப்பேன். மருந்து தாரேன், ஊத்துங்க. பாப்போம்."

வீட்டுக்கு வந்து தாளை அவிழ்த்தேன். மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சாம்பிராணி உட்பட. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த மௌனம் எனக்குப் பழகினதுதான். கடைசியில் "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பையோடு வந்து நின்றாள். செருப்பைக் கழற்றிய கையோடு கூண்டுக்குப் போனாள். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவள் பக்கம் திருப்பியது. வாய் பாதி மூடியிருந்தது.

"எப்படிம்மா மூச்சு விட்டான்?"

மறுபடியும் செய்து காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா மாதிரி" என்றாள்.

அவளும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். நான் அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன், அத்தனை வருஷமும்.

ஸ்டூலை இழுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டாள். மருந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீ படும்மா. நான் கேட்டுக்கிறேன்."

பாயை விரித்துப் படுத்தேன். உடம்பில் இருந்த அசதி அப்போதுதான் தெரிந்தது. அது அன்றைக்கும் ஒன்றும் தின்னவில்லை. பல நாள் மருந்து ஊற்றிய பிறகுதான் தேறியது. ஆனால் அந்த மத்தியானத்தில் அதெல்லாம் தெரியாது. 'டிக்' என்று கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் மகள் பேச ஆரம்பித்தாள். கோயம்புத்தூர் குளிரை, அங்கே போட்ட சாப்பாட்டை, பஸ்ஸில் பக்கத்தில் குறட்டை விட்ட ஆளை, எல்லாவற்றையும் அதனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.