ஃபோர் வீலின் இடது கால்

என் அக்கா புருஷனை ஜீப் ஸ்டாண்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘ஃபோர் வீல்’ என்பார்கள். மலைமேல் இருக்கிற வீடுகளுக்கு ரோடு கிடையாது. பாறையும் சேறுமாக ஒரு தடம்தான். காஸ் சிலிண்டரோ, சிமெண்ட் மூட்டையோ, பிரசவ வலி எடுத்த பெண்ணோ, யாராக இருந்தாலும் எதுவாக இருந்தாலும் அவர் ஜீப்தான் ஏறி இறங்கும். தங்கமான மனுஷன். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! எவனாவது கிளட்ச் பெடல்மேல் சும்மா காலை வைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்துவிட்டால் போதும், நடுவழியில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார். “கிளட்ச் என்ன கால் வைக்கிற ஸ்டூலாடா?” என்பார்.

அதனால்தான் அன்றைக்குப் பக்கத்து ஷெட் மெக்கானிக் அத்தான் ஜீப்பிலிருந்து கழற்றிய கிளட்சை என் கடை மேஜையில் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். இதில் என்னை ஏமாற்ற முடியாது. பிளேட் காகிதமாகத் தேய்ந்து கிடந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற இரும்பு, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேரிங்கைச் சுற்றினால் கரகரவென்றது. பெடலிலிருந்து காலையே எடுக்காமல் ஓட்டுகிறவன் செய்கிற வேலை இது.

“வண்டிய யார்கிட்டயாவது குடுத்தீங்களா அத்தான்?” என்று கூடவே வந்திருந்தவரைக் கேட்டேன்.

“என் வண்டிய எவன் தொட்டான்?” என்றார். அதுவும் நிஜம்தான், அக்கா கையில்கூடச் சாவியைக் கொடுக்க மாட்டார். மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பழைய கதையெல்லாம் விடு மச்சான். ஜாஸ்தி பாரம் தாங்குற ஹெவி டியூட்டி ஒண்ணு எடு. பெடல் கல்லு மாதிரி இருக்கணும்” என்றார் அத்தான்.

ஸ்டாண்டில் எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. பெடல் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்ல கிளட்ச், லேசாக இருந்தால் பொம்மைக் கார். சொன்னால் எவன் கேட்கிறான்? நான் பெட்டியை எடுக்கத் திரும்பினேன். அத்தானோடு வந்து அதுவரை வாசலிலேயே நின்ற அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

“அதை எடுக்காதடா. தினமும் முட்டிக்குத் தைலம் தேச்சு விடுறவ நான். காலைத் தூக்கித் தூக்கி வைக்க முடியாமத்தான் பெடல் மேலயே வெச்சுக்கிறார்.”

“சும்மா இருடி!” அத்தான் வாசலைப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. பிறகு குரலை இறக்கினார். “முட்டி போச்சுன்னு ஸ்டாண்டுல தெரிஞ்சா எவன் மச்சான் என் வண்டியில ஏறுவான்? நாளைக்கே இன்னொருத்தனைப் பார்த்துடுவாங்க. அந்தத் தடத்தை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் மறைத்தாரே என்று. அத்தான் கையைப் பிடித்துப் பக்கத்து ஷெட்டுக்கு இழுத்துப் போனேன்; மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். அங்கே ஹெவி டியூட்டி போட்ட வண்டி ஒன்று நின்றது. “உட்காருங்க. அமுக்குங்க பார்ப்போம்.”

முதல் தடவை சிரித்துக்கொண்டே அமுக்கினார். அடுத்த தடவை சிரிப்பு இல்லை. அதற்கடுத்த தடவை பாதி இறங்கியதும் கால் நடுங்கி நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. வேறு நாளாக இருந்தால் கிண்டலடித்தே கொன்றிருப்பேன். அன்றைக்குப் பாவமாக இருந்தது.

“வண்டியோட வந்த கம்பெனி கிளட்சே போடலாம் அத்தான். பெடல் லேசு. என்ன, பாரத்தைப் பாதியாக் குறைக்கணும்.”

“பாதின்னா ரெண்டு தடவை ஏறணும். அதுக்கு மட்டும் இந்த முட்டி தாங்குமா?”

அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெல்ல இறங்கி, ஓரமாக நின்ற மெக்கானிக்கின் சொந்த ஜீப்பைக் காட்டினார்.

“அதுல கம்பெனி கிளட்ச்தானே?”

மெக்கானிக் தலையாட்டினார்.

அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். “ஏறு.”

“யாரு, நானா?”

“வேற யாரு? ஏறி உட்காரு. இடது கால்ல அமுக்கு.”

அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். ஒரே அமுக்கு, பெடல் அடி வரைக்கும் போனது. “அட, இவ்வளவுதானா? என் தையல் மெஷின்கூட இதைவிடக் கஷ்டம்” என்றாள்.

“கால் வலிக்குதா?”

“எனக்கு என்ன வலி?”

அவர் என்னைப் பார்த்தார். “மச்சான், இதையே போடு. இவ கத்துக்கட்டும். கத்துக்கிட்டதும் முதல் நடை நான். ரெண்டாவது நடை இவ.” சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் ஜீப் சாவியை எடுத்து அக்கா மடியில் வைத்தார்.

அக்கா சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் இன்னும் பெடல்மேலேயே இருந்தது.

“காலை எடுடி! கிளட்ச் என்ன கால் வைக்கிற ஸ்டூலா?” என்று கத்தினார் அத்தான். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

“சொல்றது யாரு பாரு” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.