சிலந்தி எண்ணிய பிசானம்

1. அடி என்றும் நான்தான், அடிக்காதே என்றும் நான்தான்

வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பேச்சில் ஏ.ஏ.ஓ. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நஞ்சில்லா உணவு, நீடித்த வேளாண்மை என்றெல்லாம் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அதே சங்கதியை ஒரு ஊரில் சொல்லப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஊர் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் இப்போதும் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம், மானாவாரிப் பூமி. "வள்ளியூர்க்காரருக்கு நெல்லுன்னா கடையில வாங்குததுதான் தெரியும்" என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை.

அந்த வருடம், ஐப்பசி வாக்கில் நட்டு மாசி, பங்குனியில் அறுக்கும் பிசானப் பருவத்தில் வயல்வெளிப் பள்ளி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. முப்பது விவசாயிகளைச் சேர்த்து, வாரம் ஒரு நாள் வயலிலேயே வகுப்பு. நெற்பயிரில் கெட்ட பூச்சி எத்தனை, அதைத் தின்கிற சிலந்தி, பொறிவண்டு, தட்டான் எத்தனை என்று எண்ண வேண்டும். தீமை செய்யும் பூச்சி ஓர் அளவைத் தாண்டினால்தான் மருந்து. அந்த அளவுக்கு ஈ.டி.எல். என்று பெயர். தாண்டாவிட்டால் மருந்து டப்பாவைத் தொடக்கூடாது.

முதல் வகுப்பில் நான் இதை விளக்கி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சார், ஒரு சந்தேகம். நாலு வருஷத்துக்கு முன்ன இதே வயக்காட்டுல நின்னு, பூச்சி கண்ணுல படுததுக்கு முன்னாலயே மருந்தடிங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. அவரு ஒங்களுக்கு அண்ணனா தம்பியா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். அப்படிச் சொன்னவன் நான்தான். அப்போது வந்த உத்தரவு அது. "அவரு மாறுதல்ல போயிட்டாரு" என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த முப்பது பேரை நான் எப்படிப் பிடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான். படிவத்தில் 'விவசாயி பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் வயலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டாதாரர் பட்டியலை வாங்கி, மேலிருந்து முப்பது பெயரை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன். பாங்கில் ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட வாத்தியார், டவுனில் கடை வைத்திருப்பவர் எல்லாம் அதில் இருந்தார்கள். வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள். வடை நன்றாக இருக்கும். வயலுக்குள் இறங்கச் சொன்னால் மட்டும் வேட்டியைப் பார்ப்பார்கள், சேற்றைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

2. வரப்பு மாணவி

பள்ளிக்கு மாதிரி வயல் கொடுத்தவரும் அதற்குத் தலைவரும் நெல்லையப்ப பிள்ளை. பழைய நிலக்காரக் குடும்பம், ஓய்வு பெற்ற தாசில்தார் ஆபீஸ் ஹெட் கிளார்க். தங்கமான மனிதர், ஆனால் கோப்பில் இருப்பதுதான் உலகம் என்று நம்புகிறவர். மாதிரி வயலில் மருந்தே அடிக்கப்போவதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

மாதிரி வயலை ஒட்டி அவருடைய இன்னொரு வயல். அதைக் குத்தகைக்குப் பயிரிட்டது பேச்சியம்மாள். நாற்பது வயது இருக்கும். கணவர் மணிமுத்தாறு பக்கம் கூலி வேலைக்குப் போய்விடுவார். நாற்று, நடவு, தண்ணீர், களை எல்லாம் இந்த அம்மாள் கையில். நான் வகுப்பு நடத்தும்போது களை பிடுங்குவதுபோல வரப்போரம் வந்துவிடுவாள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் பிடுங்க அப்படி என்ன களை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது வாரம், எல்லோரும் போன பிறகு கேட்டாள்.

"சார், எட்டுக்காலுல ரெண்டு தினுசு இருக்குல்லா? ஒண்ணு வலை பின்னிக்கிட்டு ஒக்காந்திருக்கு. இன்னொண்ணு தண்ணி மேல ஓடுது. அடியில கெடக்க புகையான ஓடுததுதான் திங்கி. ஒங்க படத்துல அதக் காணலையே?"

புகையான் என்பது தூரடியில் சாறு உறிஞ்சிப் பயிரைக் காய வைக்கும் பூச்சி. அதைத் தின்கிற சிலந்தி என் படத்தில் இல்லைதான். முப்பது பேருக்கும் அது தெரியவில்லை. முப்பது பேரும் தண்ணீர் வரைக்கும் குனிந்ததில்லை.

"உங்க பேரு பதிவேட்டுல இருக்கா?" என்றேன்.

"நெலம் யாரு பேருல இருக்கோ அவிய பேருதான் இருக்கும். எனக்கு ரேஷன் கார்டுலதான் பேரு" என்று சொல்லிவிட்டுக் களையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே அவளுக்கு ஒரு இக்கட்டு வந்தது. அவள் வயலில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. இலையெல்லாம் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பிள்ளை பார்த்துவிட்டு, "ஏட்டி, மருந்தடி. அடிக்கலேன்னா அறுப்போட வயல விட்டிரு, வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வயலில் மருந்தடிக்காத பள்ளியின் தலைவரே அவர்தான். நான் பைய அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"சார்வாள், அது சர்க்காரு வயலு. இது எனக்குக் குத்தகை நெல்லு வார வயலு" என்றார். அவர் கணக்கில் இரண்டும் வேறு வேறு பூச்சிகள்.

பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள். "அடிக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாங்கள் இருவரும் வயலில் இறங்கி எண்ணினோம். அளவைத் தாண்டவில்லை. சிலந்தி நிறைய இருந்தது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அரசு ஊழியன் வாய் அப்படித் திறக்காது. "ஈ.டி.எல். தாண்டல. ஆனா முடிவு உங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

"என் கையில வயலே இல்ல, முடிவு எங்கன இருக்கு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீங்க சொன்னது பொய்யாப் போச்சுன்னா எனக்கு வயலு போவும். ஒங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்திரும்லா?"

அவள் மருந்தடிக்கவில்லை. அதன் பிறகு தினமும் அலுவலகம் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி அந்த வயலைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். என் சொந்தப் பயிருக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. இரண்டு வாரத்தில் புதிய இலைகள் பச்சையாக வந்தன. ஆனாலும் பிள்ளை தன் சொல்லை மாற்றவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புழுவை விடப் பெரிய குற்றம்.

3. வாசல் தெளித்த வயல்

தை மாதம் வயல் விழா. வேளாண்மை இணை இயக்குநர், அதாவது எங்கள் ஜே.டி., நேரில் வந்து மாதிரி வயலில் சிலந்திகளைப் பார்வையிடுவார் என்று ஏற்பாடு. பந்தல், மைக், வடை எல்லாம் தயார். ஜே.டி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். வந்ததும் பேண்ட்டை மடித்துவிட்டு நேரே வயலுக்குள் இறங்கினார். அவர் இறங்கியதைப் பார்த்து முப்பது வேட்டிகளும் வேறு வழியில்லாமல் மடிந்தன.

ஒரு தூரை விலக்கிப் பார்த்தார். அடுத்த தூர். அதற்கடுத்தது. நானும் பார்த்தேன். சிலந்தி இல்லை. பொறிவண்டு இல்லை. கொசுகூட இல்லை. இரண்டு தவளைகள் மல்லாந்து மிதந்தன. அப்போதுதான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது.

"என்னங்க, இங்க ஒரு பூச்சியையும் காணோமே?" என்றார் ஜே.டி.

பிள்ளை முன்னால் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஒண்ணு இருக்காது சார். நேத்து சாயங்காலமே பவர் ஸ்ப்ரேயர வரவழைச்சு ஒரு அடி அடிச்சிட்டேன். நீங்க வந்து நிக்குத எடத்துல பூச்சியும் பொட்டுமாவா காட்டுதது? வீட்டுக்கு ஒரு பெரிய மனுசர் வாராருன்னா வாசல் தெளிக்கமாட்டமா?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. சேறுதானே, கொஞ்சம் போனது. அவரை இன்றைக்கும் என்னால் திட்ட முடியவில்லை. வருகிறவருக்கு மரியாதை செய்வதில் அந்த ஊர் ஒரு குறையும் வைக்காது. பதினைந்து வாரப் பாடத்தையும் அந்த மரியாதையிலேயே அடித்துச் சாய்த்துவிட்டார்.

ஜே.டி. வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் கால் வைத்தார். குனிந்தார். நிமிராமலே கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். தூருக்குத் தூர் சிலந்தி.

"இது யாரு வயலு?"

"நம்ம வயல்தான் சார்!" என்றார் பிள்ளை, ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல்.

பேச்சியம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். பந்தலுக்கு வரச்சொல்லி அவளுக்கு அழைப்பு இல்லை. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் சுபம். மாதிரி வயல் ஜெயித்தது, பிள்ளைக்கும் சந்தோஷம், என் அறிக்கையும் தப்பித்தது. ஒப்புக்கொள்கிறேன், கொஞ்ச நேரம் நான் பேசாமல்தான் இருந்தேன்.

"எத்தனை தடவை மருந்து அடிச்சீங்க?" என்று ஜே.டி. பிள்ளையைக் கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன்.

"ஒரு தடவகூட அடிக்கல சார்" என்றாள் அவள். "தூருக்கு ரெண்டு எட்டுக்காலு இருக்கு, செலதுல மூணு. வடக்கு வரப்புப் பக்கம் மட்டும் நேத்தையிலருந்து கொறச்சல். மொதலாளி மருந்தடிச்சப்ப காத்து அங்கனதான் அடிச்சிச்சு."

ஜே.டி. வடக்கு வரப்புக்குப் போய் எண்ணினார். குறைவாகத்தான் இருந்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அடுத்த பருவத்துக்கு இந்த அம்மா வயலே மாதிரி வயலா இருக்கட்டும். நான் வந்து பார்க்கணும்" என்றார்.

"தாராளமா வாங்க சார்" என்றார் பிள்ளை. "அறுப்போட ஆளு மாறும். வயலு இங்கனதான் கெடக்கும்."

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

"சார், மாதிரி வயல்ல பயிர் செய்றவங்களை ரெண்டு பருவத்துக்கு மாத்தக்கூடாதுன்னு விதி இருக்கு சார்" என்றேன்.

அப்படி ஒரு விதி கிடையாது. எனக்குத் தெரியும். அத்தனை வருட சர்வீஸ் உள்ள ஜே.டி.க்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமா. ரெண்டு பருவம்" என்றார்.

பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்தவர். விதி என்று சொன்னால் அவர் கை தானாகக் கட்டிக்கொள்ளும். "விதின்னு இருந்தா சரிதான். விதிய மீற முடியுமா?" என்றார்.

ஜீப்பில் ஏறும்போது ஜே.டி. என்னைத் தனியாக அழைத்தார். "அந்த விதி எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?"

"இன்னும் வரல சார்."

"அப்ப எழுதிக் குடுங்க. ஒரு பக்கத்துக்குள்ள."

4. ஒரு செம்பு சிலந்தி

ஒரு பக்கம் கூடத் தேவைப்படவில்லை. பள்ளியில் சேர்க்கப் பட்டா கேட்கக்கூடாது, வயலில் இறங்கிப் பயிர் செய்பவர் பெயரையே எழுத வேண்டும், மாதிரி வயலில் அவரை இரண்டு பருவத்துக்கு மாற்றக்கூடாது. இவ்வளவுதான். எழுதி அனுப்பினேன். பதிவேட்டில் முப்பதாவது பெயருக்குக் கீழே கோடு போட்டு முப்பத்தொன்றாவதாகப் பேச்சியம்மாளை எழுதினேன். நான் எடுத்த ஆள்களில் அந்த ஒரு பெயர்தான் தேறியது.

அறுப்புக்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. பிள்ளை தெளித்த வாசலுக்குப் புகையான் வந்து சேர்ந்தது. தின்பதற்குச் சிலந்தி இல்லாததால் அது சௌகரியமாகப் பெருகி, வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தது. ஒரு நாள் காலையில் நான் வரப்பில் வரும்போது பிள்ளை ஒரு பித்தளைச் செம்போடு பேச்சியம்மாள் வயலோரம் நின்றுகொண்டிருந்தார். உறைமோர் கேட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

"ஏட்டி, அந்த எட்டுக்காலுல கொஞ்சம் புடிச்சுத் தாயேன். நம்ம வயல்ல விட்டுப் பாக்கேன்."

"செம்புல குடுத்தா நிக்காது மொதலாளி. மருந்து நிப்பாட்டுனா அதுவே வரப்பு தாண்டி வரும்" என்றாள். ஆனாலும் பாவமாக இருந்ததோ என்னவோ, ஏழெட்டுச் சிலந்தியைப் பிடித்துச் செம்பில் போட்டுக் கொடுத்தாள். அவர் செம்பின் வாயைத் துண்டால் மூடி அதைப் பத்திரமாகக் கொண்டுபோனார். அடுத்து வந்த கார் நெல் பருவத்தில் அவர் மருந்து டப்பா வாங்கவில்லை. பேச்சியம்மாளை வயலை விடச் சொல்லவும் இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். படிவத்தில் 'விவசாயி பெயர்' என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன், ஒரு தடவை வயலில் இறங்கிப் பாருங்கள். யார் காலில் சேறு இருக்கிறதோ அவர் பெயரை எழுதுங்கள். நான் பட்டாவைப் பார்த்து அழகாக எழுதினேன், அதற்கு ஒருத்தியின் வயல் போகப் பார்த்தது.

நான் அனுப்பிய பக்கம் மேசை மேசையாக ஏறி இறங்கியது. அந்தக் கார் பருவமும் முடிந்து அடுத்த பிசானத்துக்கு நாற்றுப் பாவும்போதுதான் சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. நம்பர், தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. நான் சொன்ன பொய் அச்சில் ஏறியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பேச்சியம்மாள் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முழங்கால் சேற்றில் நின்று பொறுமையாகக் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொன்னியளே சார்" என்றாள். "இப்பந்தான் எழுதுதாவளா?"