செப்டெம்பரில் திருப்பிக் கொடுத்த காசு

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுக் கடிதம் கொழும்பிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சில், நாலே வரி. சிக்கனமாக நடந்துகொண்டதற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். அதை இன்றும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதில்லை, பார்த்தால் களைப்புத்தான் வருகிறது.

மட்டக்களப்பு நகரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை தினமும் கல்லடிப் பாலத்தால் சைக்கிள் மிதித்துப் போய் ஒரே மேசையில் இருந்தேன். கதிரை மட்டும் ஒருதரம் மாறியது. அடுத்த வருடம் எங்கள் பகுதி வேலைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிட்டுக் கொழும்புக்கு எழுதுவது என் வேலை. தாளில் மூன்று பத்திகள் இருக்கும். போன வருடம் செலவானது, இந்த வருடம் கிடைத்தது, வரும் வருடம் கேட்பது. சில மாதங்களில் அங்கிருந்து ஒரு தடித்த அச்சுப் புத்தகம் வரும். நாடு முழுவதற்குமான செலவு அதற்குள் இருக்கும். கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறக்கி எங்களுக்கு என்ன விழுந்திருக்கிறது என்று தேடுவேன்.

தொடக்கத்தில் அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சந்தோஷமாக இருக்கும். குளம், குடியேற்றம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பக்கங்கள் போகும். கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. ஒரு தடவை வீதி போடுவதற்கு முதலே றோலர் வந்து, எட்டு மாதம் மரத்தடியில் நின்றது. எங்கள் ஆட்கள் அதன் நிழலில் சோற்றுப் பார்சல் அவிழ்த்தார்கள்.

என் அக்காவைப் படுவான்கரையில், வாவியின் மேற்குப் பக்கத்து வயற்கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் துறைவரை மாட்டுவண்டி, அதற்குப் பிறகு தோணி. அவளுடைய முதல் பிள்ளை நடுவாவியில் தோணிக்குள் பிறந்தது. கரை சேர முதல் இறந்துவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் மட்டும் என்னிடம் கேட்டாள்.

"நீதானே மனே காசு கேட்டு எழுதுற ஆள். எங்கட ஊருக்கு ஒரு பிள்ளைப்பேற்று வாட்டுக் கேட்டு எழுதன்."

எழுதினேன். பிரசவ விடுதி வேண்டும் என்று நாலு வருடம் எழுதினேன். காணி இல்லை என்று ஒருமுறை மறுத்தார்கள். அக்காவும் அத்தானும் வீட்டோடு சேர்ந்த வீதியோரத் துண்டை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாம் வருடம் புத்தகத்தில் அந்த வரி இருந்தது. அடிமட்டத்தை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தோணியேறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அன்று பின்னேரமே அவள் காணிக்குள் இறங்கிப் பற்றை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் வருடம் ஒக்டோபரில் பிறந்து செப்டெம்பரில் முடியும். எங்கள் ஊரின் வருடம் அப்படிப் போவதில்லை. காசு ஒக்டோபரில் மழையோடு வந்தது. மார்கழியில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடியது. வெள்ளம் வடிய வயல் வட்டைகளில் நெல்வெட்டுத் தொடங்கியது. வெட்டுக் காலத்தில் வயலை விட்டுக் கல் சுமக்க யார் வருவான்? கொந்தராத்துக்காரர் ஆள் பிடித்தபோது சீமெந்து வரவில்லை. ஆவணியில் போய்ப் பார்த்தேன். காணியில் நாலு கட்டையும் ஒரு கயிறும் இருந்தன.

செப்டெம்பர் முப்பதுக்குள் செலவழியாத காசு கொழும்புத் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் அந்த மாதம் கந்தோர்கள் கலியாண வீடுகள் மாதிரி இருக்கும். நல்ல கதிரைகளைத் தள்ளிவிட்டுப் புதுக் கதிரை வாங்குவார்கள், போன வருடம் பூசிய சுவருக்கு இன்னொரு பூச்சுப் பூசுவார்கள். பக்கத்து மேசைக்காரர் எனக்கும் புத்தி சொன்னார்.

"ஐசே, தகடும் மரமும் வாங்கி அந்தக் காணிக்குள்ள அடுக்கும். வேலை நடக்குது எண்டு எழுதும். காசு தப்பிரும். எல்லாரும் செய்யிறதுதானே."

நான் செய்யவில்லை. நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருடம் நேர்மையாகவே திருப்பித் தருவார்கள் என்று நம்பினேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கந்தோரில் நான் ஒருவன்தான் சுத்தமான ஆள் என்ற எண்ணம் எனக்கு இனித்தது. படிவத்தை நிரப்பிக் கடைசிச் சதம்வரை திருப்பி அனுப்பினேன். அதற்குத்தான் அந்தப் பாராட்டுக் கடிதம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டபோது, வேலையை மெச்சி எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "என்ட தம்பிக்குக் கொழும்பில இருந்து கடிதம் வந்திரிக்கி. இனி வாட்டு வந்திரும்."

அடுத்த புத்தகத்தில் அந்த வரி இல்லை. இரண்டு தரம் அடிமட்டத்தை இறக்கிப் பார்த்தேன். அந்த வருடம் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் என் தாளின் முதல் பத்தியில் விரலை வைத்தார். போன வருடம் ஒன்றும் செலவாகவில்லையே, அப்படியென்றால் தேவை இல்லை என்றுதானே அர்த்தம் என்றார். கோபமில்லாமல், கணக்கு வாத்தியார் போலச் சொன்னார். அக்காவிடம் மழையால் பிந்துகிறது என்று சொல்லிவைத்தேன்.

பிறகு அறுபதுகள் வந்தன. வருடத்துக்கு வருடம் கொழும்புப் புத்தகம் தடித்தது, எங்கள் பக்கம் மெலிந்தது. நாட்டின் செலவு குறைந்தது என்று யாரும் நினைக்கக்கூடாது, அது ஏறிக்கொண்டேதான் போனது. கூப்பன் அரிசிக்கும், சம்பளத்துக்கும், வாங்கிய கடனின் வட்டிக்கும் போனது போக மிஞ்சியதில்தான் கட்டடம். அரிசியில் கைவைத்தால் சனம் தெருவுக்கு வரும், அரசாங்கமே ஆடும். கட்டாத வாட்டுக்காக யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள். செலவை வெட்டுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன். அப்படி நினைத்துவிட்டு எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

எழுபதுகளில் சிக்கனச் சுற்றுநிருபங்கள் வந்தன. தாளின் இரண்டு பக்கமும் எழுதச் சொன்னார்கள், பழைய கடித உறைகளைப் பிரித்து மறுபக்கம் ஒட்டிப் பாவிக்கச் சொன்னார்கள். எண்ணெய் விலை ஏறியது, கூப்பன் அரிசி குறைந்தது. வெறும் நிலம் இருந்தால் மரவள்ளி நடு என்று வானொலி ஓயாமல் சொன்னது. பள்ளிக்கூட முற்றத்திலும் நட்டார்கள். அக்காவின் அந்தத் துண்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வருடம் இரண்டு தரம் அவள் புல்லுச் செருக்கி, வேலி அடைத்து வந்தாள். ஊரார் பகிடி பண்ணினார்கள்.

"அரசாங்கத்தின்ட காணி," என்பாள். "அவங்க வாற நேரம் துப்புரவா இரிக்கோணும்."

ஒவ்வொரு வருடமும் நானும் அந்த வரியை எழுதிக்கொண்டுதான் இருந்தேன், பழக்கத்தால். அக்கா கேட்டால் "பாப்பம்" என்பேன். அந்தச் சொல்லில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

நான் ஓய்வுபெற்ற வருடம், ஐப்பசியில், முதல் மழை விழுந்த பிறகு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தோணிப் பிள்ளைக்குப் பிறகு அக்காவுக்குப் பிறந்த ஒரே மகள் கலியாணம் முடித்து வயிற்றோடு இருந்தாள். குசினி வாசலில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"இந்த முறையாவது வாட்டு வருமா மனே? இவளுக்கு மாசி மாசம்."

தோணிக்குள் இந்தப் பிள்ளையும் படுத்திருப்பதை நினைத்தேன். "பாப்பம்" என்ற சொல் வாயில் வரவில்லை.

"வராது அக்கா. இனி வராது. வெள்ளத்துக்கு முதல் இவளக் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போறன். எங்கட வீட்ட இருக்கட்டும்."

"ஒருக்கா வந்ததுதானே, காசு? மழையால பிந்துது எண்டு சொன்ன நீ."

"வந்தது. நான்தான் திருப்பி அனுப்பினன். வருசம் முடிஞ்சுது எண்டு. கொழும்பில இருந்து வந்த கடிதம் அதுக்குத்தான்."

அவள் கையை நிறுத்தவில்லை. மீதி மீனையும் செதில் எடுத்துக் கழுவிச் சட்டியில் போட்டாள். இரவு எனக்குச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விடிய எழும்பினால் அவள் அந்தக் காணிக்குள் நின்றாள். ஒரு கட்டு மரவள்ளித் தடி வேலியோரம் கிடந்தது, அயலில் வாங்கியிருக்க வேண்டும். அவள் கையில் மண்வெட்டி. என் காலடி கேட்டு, திரும்பாமலே, "மற்ற மண்வெட்டி கொட்டிலுக்குள்ள," என்றாள்.

அது அரசாங்கக் காணி. அதில் நடுவதற்கு அத்துமீறல் என்று பெயர், அப்படி நட்டவர்களுக்கு வெளியேறச் சொல்லி நானே கடிதம் எழுதியிருக்கிறேன். போய் மண்வெட்டியை எடுத்து வந்து அவளுக்குப் பின்னால் கொத்தத் தொடங்கினேன். ஈர மண் இலகுவாக விட்டுக்கொடுத்தது, வருடக்கணக்காகச் செருக்கிய நிலம்.

அரை வரிசை நட்ட பிறகு, குனிந்தபடியே கேட்டாள்.

"நீ திருப்பி அனுப்பின காசு. அங்க போய் என்னத்துக்குச் செலவாகினது?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தேன். இருபது வருடம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். அரிசியாக இருக்கலாம், வட்டியாக இருக்கலாம். எந்த ஊரிலோ ஒரு கந்தோருக்குச் செப்டெம்பரில் வாங்கிய கதிரையாகவும் இருக்கலாம்.

"தெரியாது அக்கா."

அவள் நிமிர்ந்தாள். அன்று காலையில் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியாதா?"

பிறகு அடுத்த தடிக்குக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.