எண்ணெய்க் கிடங்கில் வேலை போன ஒன்பது பேர்

ஜப்பான்காரர் காலத்தில், 1943ஆம் வருஷம், என் கணவருக்கு வேலை போனது. அப்போது நான் கர்த்தர்மேல் கோபப்பட்டேன். அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

என் பெயர் எஸ்தர். மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் சாமுவேல் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் கிடங்கில் பதினோரு வருஷம் உழைத்தவர். தொட்டிக்குள் கோலை இறக்கி எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும், ஒழுகும் பீப்பாய்களைச் சரிசெய்வதும் அவர் வேலை. சண்டை வந்தபோது வெள்ளைக்கார மானேஜர், "வேலையைப் பாருங்கள், இரண்டு நாளில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவரும் வரவில்லை, அந்த மாதச் சம்பளமும் வரவில்லை.

பிறகு ஒரு ஜப்பானியக் கம்பெனி கிடங்கை எடுத்துக்கொண்டது. பழைய ஆட்களையே வைத்துக்கொண்டார்கள். கப்பல் வரத்துக் குறைந்ததும் சிக்கனம் என்ற பேச்சு தொடங்கியது. முதலில் மத்தியானத் தேநீர் நின்றது. அடுத்து, கை துடைக்கும் கந்தல் துணி நின்றது. மூன்று பேர் உருட்டிய பீப்பாயை இரண்டு பேர் உருட்ட வேண்டும் என்றார்கள். என் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கடைசியில் ஒருநாள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, "எண்ணெய் குறைவு, ஆள் அதிகம். மாதக் கடைசியில் ஒன்பது பேர் நிற்க வேண்டும்" என்று சொன்னார்கள்.

வேலை போனால் அரிசிச் சீட்டும் போய்விடும். அதையாவது தாங்கலாம், மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடக்கலாம். ஆனால் வேலையில்லாத தமிழனைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் ஒருவரிடமிருந்தும் கடிதம் வந்ததில்லை.

நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என் கணவர் பெயர் மட்டும் வரக்கூடாது." காலையும் மாலையும் இதே ஜெபம்தான். ஜெபித்ததோடு நிற்காமல், பட்டியலை எழுதப் போகிற பெரிய கிராணி, அதாவது கிடங்கின் தலைமைக் குமாஸ்தா, வீட்டுக்கும் போனேன். அவரும் தமிழர்தான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் பேரை எழுதிடாதீங்க."

அவர் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒன்பது பேரு வேணும்னு சொல்லிட்டான்மா. உன் வீட்டுக்காரரை எடுத்துட்டா, அந்த இடத்துல யாரை எழுதட்டும்? நீயே எழுது."

நான் பென்சிலை வாங்கவில்லை. ஆனால் என் மனதில் ஒரு பெயர் வந்தது. பெருமாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்தவர், பீப்பாய் உருட்டுகிறவர். அவர் மனைவி அஞ்சலையும் நானும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்போம். அந்தப் பெயர் வந்ததே என்று திடுக்கிட்டேன். இத்தனை நாளும் நான் கேட்டது வேறு ஒரு வீடு அழ வேண்டும் என்றுதானே? வீட்டுக்கு வந்து ஜெபிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் கணவர் பெயரும் இருந்தது, பெருமாள் பெயரும் இருந்தது. பத்து நாளில் ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் பதிய வேண்டும், வேறு வேலை கிடைத்தவர்கள் முதலாளியின் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எனக்கோ ஆத்திரம். ஓடிப்போன மானேஜர்மேல், சிக்கனம் பேசியவன்மேல், எழுந்திருக்காத இந்த மனுஷன்மேல். எல்லாருக்கும் மேலாக ஆண்டவர்மேல். "உமக்குக் காது இல்லையா?" என்று வாய்விட்டே கேட்டேன். ஆறு நாட்கள் அப்படியே போயின.

ஏழாம் நாள் பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் வேலியோரம் வந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். "சுடாலா, ஜாங்ஙான் நாங்ஙிஸ்" என்றார். போதும், அழாதே என்று அர்த்தம். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் ஊரே தேங்காய் எண்ணெய்க்கு அலைகிறது, புக்கிட் ரம்பாயில் எண்ணெய் ஆட்டும் ராவுத்தருக்கு வேலை தெரிந்த ஆள் இல்லை, இயந்திரமும் நின்றுவிட்டது என்று சொன்னார்.

நான் அன்றைக்கே நடந்தேன். வழியில் ஜப்பானியச் சிப்பாய் நின்ற இடத்தில் குனிந்து வணங்கிவிட்டுத் தொடர்ந்து நடந்தேன். நடக்கும்போதுதான் மறுபடி ஜெபம் வந்தது. இந்த முறை ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ராவுத்தர் கொப்பரை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர வரச் சொல்லும்மா. ஒரு ஆளுன்னா பார்க்கலாம்."

"ஒன்பது பேரு இருக்காங்க, ராவுத்தரே."

"ஒன்பதா! இது என்னா சத்திரமா?"

"ஒருத்தருக்குன்னு கேட்டுப் பார்த்துட்டேன். எனக்கே வெக்கமாப் போச்சு."

அவர் மூட்டையை விட்டு எழுந்தார். "நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. மெஷினை ஓட வச்சிட்டாங்கன்னா, அந்த ஆபீசுக்கு நானே போறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். "யார் யாரு? கனகுவுக்கு இரும்பு பத்தவைக்கத் தெரியும். பெருமாளு பாரம் தூக்குவான்" என்று தாமாகவே பேசினார். முகம் கழுவிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார்.

திரும்பி வந்தபோது எட்டுப் பேர்தான். பெருமாளை அன்று காலையில்தான் சந்தையில் சுற்றி வளைத்து, கையில் வேலைக் கடிதம் இல்லையென்று லாரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

மற்ற எட்டுப் பேரும் இரண்டு நாளில் அந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டி ஓட வைத்தார்கள். பத்தாம் நாள் ராவுத்தர் குல்லாவும் சட்டையுமாக அலுவலகத்துக்குப் போய் எட்டுக் கடிதங்களில் முத்திரை வாங்கி வந்தார். அந்தக் காகிதங்களைத் தொட்டுப் பார்த்து நான் அழுதேன். சண்டை முடியும்வரை அந்த எட்டு வீடுகளிலும் ஆண்பிள்ளைகள் இருந்தார்கள்.

பெருமாள் திரும்பி வரவில்லை. "உம் புருஷன் தப்பிச்சிட்டாரு, உங்க சாமி பெரியவரு" என்று அஞ்சலை சொன்னாள். அந்த ஆறு நாட்களைக் கோபத்தில் கழிக்காமல் முதல் நாளே நடந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை அறுக்கிறது. ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இதற்கு அவர் இன்னும் பதில் தரவில்லை. ஆனாலும் எட்டுப் பேருக்காக நன்றி சொல்லாமல் என்னால் ஒரு நாளும் உறங்க முடிவதில்லை. அஞ்சலையும் அவள் பிள்ளைகளும் அன்றுமுதல் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவள் மகள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவர் என் கணவர்.

இப்போதும் கம்பெனிகள் ஆள் குறைக்கின்றன, சிக்கனம் என்று அதே சொல்லைத்தான் சொல்கின்றன. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், கோபம் வந்தால், அந்தக் கோபத்தோடேயே ஆண்டவரிடம் பேசுங்கள். அவர் தாங்குவார். ஆனால் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு. வாருங்கள். வரும்போது உங்களோடு வேலை போனவரையும் கையோடு அழைத்து வாருங்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.