அண்ணா எனக்குப் பார்த்த கார்

அண்ணாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு கிடக்கும். பழுதாய்ப்போன றேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கார் பார்க்கப் போனால் முதலில் அதைத்தான் வெளியில் எடுப்பார். கதவு, மட்கார்ட், பின்பக்கம் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். நல்ல தகரம் என்றால் காந்தம் ஒட்டும். அடிபட்டு நெளிந்த இடத்தைப் பசை அப்பி, மேலே பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் ஒட்டாமல் கீழே விழும். விழுந்ததும் கார்க்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், எனக்கே அந்த மனுசனில் பாவமாக இருக்கும்.

எங்கள் ஊர் அக்கராயனில் யார் வாகனம் வாங்கினாலும் அண்ணாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வருடக்கணக்காக லொறி ஓடியவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்தில் வருத்தம் என்று சொல்லிவிடுவார். பொம்பிளை பார்க்கப் போகும்போதுகூடச் சனம் இவ்வளவு யோசித்து ஆள் கூட்டிப் போகாது. அப்படிப்பட்டவர் கூடப்பிறந்த அண்ணனாக இருக்கும்போது எனக்கொரு கார் எடுப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன். நினைத்ததுதான் மிச்சம்.

நான் கேட்டது பெரிய விசயமே இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே எனக்குப் பொய்க்கால். பதினைந்து வயதில் ஷெல் துண்டு பட்டுப் போன கால். வன்னியில் இது ஒரு அதிசயமான புதினம் இல்லை. துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். காலையில் ஒரே ஒரு பஸ். அதன் முதல் படி என் இடுப்பு உயரம். "கெதியா ஏறுங்கோ ரீச்சர்" என்று கொண்டக்டர் தட்டிக்கொண்டு நிற்பான். வெயில் காலத்தில் நின்றபடி போய் இறங்கும்போது, பொய்க்காலுக்குள் இருக்கும் மிச்சக் காலின் தோல் உரிந்து எரியும். அந்த எரிச்சலோடு கரும்பலகைக்கு முன் நாள் முழுக்க நிற்க வேண்டும். இதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டோ கியர் வாகனம் மட்டும் ஓடலாம் என்று தந்தார்கள். அதில் கிளச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. என் சம்பளத்துக்கு அடங்கிய ஒரு பழைய சின்னக் கார், கியர் தானாக மாற வேண்டும், நானே ஏறி நானே போய் இறங்க வேண்டும். நிறம்கூட நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்தோம். கிளிநொச்சியில் ஒன்று, வவுனியாவில் இரண்டு. ஒன்றுக்கு அடித்தகரத்தைக் கறள் தின்றிருந்தது, ஒன்றுக்கு எஞ்சினில் புகை, மற்றதுக்கு என்னவென்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. பளையில் பார்த்ததுதான் என் மனதில் நின்றது. ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபருடைய கார், வெள்ளை, கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்தேன். இடது காலைப் பேசாமல் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவருடைய வளவுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! இறங்கி வந்தால் அண்ணாவின் காந்தம் பின்கதவில் விழுந்து கிடக்கிறது.

"வேண்டாம். இது எங்கையோ அடிபட்டது."

"பின்கதவுதானே அண்ணா, ஓடுறதுக்கு என்ன?"

"விசர்க் கதை கதையாதை. வா போவம்."

அடுத்த கிழமையே அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இப்போதும் பஸ் ஜன்னலுக்குள்ளால் ஒரு சின்ன வெள்ளைக் காரைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு, அண்ணாவுக்கு என்னில் உள்ள கவனம் என்றுதான் சமாதானப்பட்டேன். உண்மை பிறகுதான் விளங்கியது. ஓட்டோ கியர் கார் எதைக் காட்டினாலும் அவருக்கு ஒரு குறை கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படலையடியில் ஹோர்ன் சத்தம். அண்ணா ஒரு நீலக் காரில் வந்து இறங்கினார். எனக்குச் சொல்லாமல், எனக்குக் காட்டாமல், விலை பேசி முடித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அம்மா தேங்காய் உடைத்தா. நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. அயல்சனம் வந்து சுற்றி நின்றது. நான் கதவைத் திறந்து கீழே பார்த்தேன். மூன்று பெடல்.

"அண்ணா, இதுக்கு கிளச் இருக்கு. என்ர லைசென்ஸ் ஓட்டோ கியருக்கு மட்டும்."

"திரும்ப ஒரு ட்ரயல் குடுத்தால் இதையும் போட்டுத் தருவினம். கியர் கார்தான் கார். ஓட்டோ கியர் ஏலாத ஆக்களுக்கு. உனக்கு என்ன குறை?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தேங்காய்ப் பாதியை எடுத்துக் கண்ணாடியில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டில் 'ஏலாது' என்ற சொல் இல்லை. அண்ணா போட்ட சட்டம். பொய்க்கால் பழக முதலே என்னைச் சைக்கிளில் ஏற்றினார். பாதம் பெடலில் வழுக்கிய இடத்தில் ரியூப் துண்டால் கட்டிவிட்டார். என்னை நொண்டி என்று சொன்ன ஒருவனைக் கடைத்தெருவில் வைத்து அடித்தார். "என்ர தங்கச்சி உங்கள் எல்லாரையும்விட நல்லா நடப்பாள்" என்பார். நடந்தேன். படித்தேன், வேலை எடுத்தேன். அண்ணா இல்லாவிட்டால் நான் மூலையில்தான் இருந்திருப்பேன், இதை எங்கேயும் சொல்லுவேன். ஆனால் அந்தப் பெருமையைக் காப்பாற்றிக் காப்பாற்றியே நான் களைத்துப் போனேன். பஸ்ஸில் எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய சீற்றில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டில் காலைக் கழற்றுவதென்றாலும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான். பெருமை அண்ணாவுக்கு, புண் எனக்கு.

அன்று பின்னேரமே என்னைக் குளக்கட்டுக்குக் கீழே, அரிவி வெட்டி முடிந்த வயலோரத் தெருவுக்குக் கூட்டிப் போனார். ஏலாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கம் இல்லையே, போனேன்.

"கிளச்சை அமத்து. கியரைப் போடு. இப்ப மெதுவா விடு."

மெதுவாக விடுவதற்குப் பாதத்தில் உணர்ச்சி வேண்டும். என் பாதம் ரப்பர். அது பெடலில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

"பரவாயில்லை. இன்னொருக்கா."

திரும்பவும் துள்ளி நின்றது. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. தொடையில் வியர்த்து வழிந்து, பொய்க்கால் உள்ளுக்குள் வழுக்கத் தொடங்கியது. கடைசித் தரம் அதன் பாதத்தில் போட்டிருந்த சப்பாத்து கிளச்சுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. அந்தப் பதற்றத்தில் வலது கால் பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை அமத்த, கார் பாய்ந்துபோய் வாய்க்கால் விளிம்பில் முன்சில்லைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் நடக்கேல்லை. ரிவேர்ஸைப் போடு, எடுப்பம்" என்றார்.

"எனக்கு ஏலாது அண்ணா."

"உனக்கு ஏலும்."

"ஏலாது. விளங்குதோ? ஏலாது, ஏலாது, ஏலாது!"

வயலுக்குள் நின்ற மாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அதோடும் நிற்கவில்லை. பாவாடையை முழங்காலுக்கு ஒதுக்கி, பட்டியை அவிழ்த்து, சிக்கிய சப்பாத்தைக் கையால் இழுத்தெடுத்து, சப்பாத்தோடேயே பொய்க்காலைக் கழற்றி அண்ணாவின் மடியில் வைத்தேன்.

"இந்தாங்கோ. இதாலை நீங்கள் கிளச் அமத்திப் பாருங்கோ."

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். ஆனால் இந்தக் காலை அவர் அதுவரைக்கும் தொட்டதில்லை. சைக்கிள் பெடலில் கட்டிவிட்ட நாட்களில் தொட்டது சப்பாத்தை மட்டும்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். உள்ளே சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்ததைக் கண்டார். ஒருதரம் சற்றே தூக்கி, திரும்ப மடியில் வைத்தார்.

"இது இவ்வளவு பாரமோ பிள்ளை?" என்றார்.

"ஓம்" என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதைக் கேட்க இந்த மனுசனுக்குப் பதினாறு வருடம் பிடித்ததே என்ற கோபம். பிறகுதான் யோசித்தேன், அதைக் கழற்றி அவர் கையில் கொடுக்க எனக்கும் பதினாறு வருடம் பிடித்திருக்கிறது.