இறங்கிய முள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் பிரெஞ்சுக் காரைப் பிரிக்க காஜா பெராங்கில் துணிந்த ஒரே மெக்கானிக் சேதுராமன்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சஸ்பென்ஷன் சிலிண்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க அவரே ஒரு டெஸ்டர் செய்தார். லாரி ஜாக்கி ஒன்று, இரும்புக் குழாய், எண்ணெய் ஆலையில் கழித்துப்போட்ட பிரஷர் கேஜ். எல்லாவற்றையும் பலகையில் முடுக்கி, பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு டாக்டரின் காருக்கு ஃபிட்டர் ஜெய்னுலாப்தீன் ரப்பர் வளையம் மாற்றிய சிலிண்டரை அதில் மாட்டினார்கள். கேஜின் முள் ஏறி, மெல்ல இறங்கியது; எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மூன்று முறை பிரித்துப் பூட்டியும் இறங்கியது. டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பதினோரு வருஷமா ஸ்பானர் புடிக்கிற. ஒரு ரப்பர் போடத் தெரியல,” என்றார் சேதுராமன்.

ஜெய்னுலாப்தீன் கையைத் துடைத்துக்கொண்டு போனவர், மறுநாள் வேலைக்கு வரவில்லை.

பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சிலிண்டரை மாட்டியபோதும் முள் இறங்கியது. சேதுராமனுக்கு டெஸ்டர் மேலேயே சந்தேகம் வந்தது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, டெஸ்டர் குழாயின் வாயை போல்ட்டால் அடைத்து அழுத்தினார். அப்போதும் இறங்கியது. பலகையைத் திருப்பிப் பார்த்தார். அவர் கையாலேயே பற்றவைத்த இணைப்பிலிருந்து எண்ணெய் வழிந்திருந்தது.

புக்கிட் பாருவில், ஜெய்னுலாப்தீன் வீட்டு வாசலில் நின்றபோது அவரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

“தப்பு என் மேலதான் ஜெய்னு. ஒழுகினது டெஸ்டர்.”

“தெரியும்ணே. அன்னைக்கே பலகைக்குப் பின்னால பார்த்துட்டேன். டாக்டர் நிக்கிறாரு, உங்களுக்கு அசிங்கமாயிடும்னுதான் சொல்லல.”